பின்சந்து வடிகால் பேசாத பத்து நாட்கள்

மூன்று காணொளிகளைப் பார்த்து, அவற்றில் ஒன்றை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, என்னைப் பொறியாளன் என்று நம்பத் தொடங்கியவன் நான். இதை ஒப்புக்கொள்வதில் எனக்குப் பெரிய வெட்கம் இல்லை. அந்த நம்பிக்கையை இன்னொருவருக்கும் தொற்றவைத்தேன் பாருங்கள், அதில்தான் வெட்கம். காப்பீட்டு அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடமாகக் கோப்பு தள்ளுகிறவன். பல்புக்கு மேல் எதையும் மாட்டியதில்லை. ஐம்பது வயதைத் தாண்டியபின் ஒரு சின்ன மின்சுற்றுப் பலகையை வாங்கினேன். அதிலிருந்த ஒற்றை விளக்கை மினுக்கவைத்தேன். அதே வாரம் கீழ்வீட்டு பாய்க்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். "தண்ணி வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே உங்களுக்குத் தெரியும் பாய். அது என் பொறுப்பு."

பீர்க்கன்கரணை ஏரிக்குப் பின்பக்கத் தெருவில் எங்கள் கட்டடம். மொத்தம் இரண்டே வீடு. மாடியில் நானும் மனைவியும். கீழே பாய், அவர் மனைவி, மகள். பாய்க்கு ஆரி வேலை. கட்டில் அளவு மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் ஜரிகையும் மணியும் வைத்துப் பூப்போடுவார். தாம்பரத்திலிருந்தும் குரோம்பேட்டையிலிருந்தும் கல்யாணப் பெண்கள் அம்மாக்களோடு வந்து அவர் வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள். எல்லா வேலையையும் கீழ்வீட்டின் பின்னறையில்தான் செய்வார்.

அந்தப் பின்னறைக்குப் பின்னால்தான் சந்து. சந்தில் மூடிபோட்ட வடிகால். பெருமழை பெய்தால் ஏரிப் பக்கத்துத் தண்ணீர் அந்த வடிகாலில் வந்து, மூடியைத் தள்ளிக்கொண்டு, நேராகப் பின்னறைக்குள் நுழையும். முந்தைய வருடம் நாங்கள் இரண்டு குடும்பமும் வாசலில் நின்று தெருவைக் காவல் காத்தோம். தெருவில் தண்ணீர் ஏறவில்லை என்று ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டு உள்ளே போனால், பின்னறையில் கணுக்கால் அளவு தண்ணீர். சட்டத்தில் இருந்தது யாரோ ஒரு பெண்ணின் முகூர்த்த ரவிக்கைத் துணி. சாயம் இறங்கி, ஜரிகை கறுத்து, அது ரவிக்கை என்று சொன்னால்தான் தெரியும் என்ற நிலைமை. பாய் புதுத் துணி எடுத்து முதலிலிருந்து தைத்துக் கொடுத்தார். அந்தப் பெண்ணுக்கு நடந்ததே தெரியாது.

இந்த வருடம் சட்டத்தில் இருந்தது அவர் மகளுடையது. மார்கழியில் நிக்காஹ். தலையில் போர்த்துகிற துப்பட்டா, மாதுளை நிறத்தில். மற்றவர்கள் வேலை முடிந்தபின் கிடைக்கிற நேரத்தில் தினம் ஒரு சாண் போட்டுக்கொண்டு வந்தார். ஓரம் முழுக்கக் கொடி, கொடி முழுக்கச் சின்ன இலை. ஒரு இலையைப்போல இன்னொன்று இருக்காது. பாதி வேலையில் சட்டத்தை நகர்த்தினால் துணியின் இழுப்பு மாறிக் கொடி கோணிவிடும் என்றார். தண்ணீர் நிச்சயமாக வருகிறது என்றாலொழிய அதைத் தொடமாட்டார். வருகிறது என்றால் தூக்குவதற்கு நாலைந்து பேரும் அரைமணி நேரமும் வேண்டும். அந்த அரைமணி நேரத்துக்கும் சேர்த்துத்தான் நான் ஒரு மணி நேரம் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஏற்பாடு எளிமையானது, காணொளியில் அப்படித்தான் சொன்னார்கள். சந்தின் மதில் சுவரில், ஒரு ஐஸ்கிரீம் டப்பாவுக்குள், உள்ளங்கையளவு போர்டு. அதன் நடுவில் மைக்ரோகன்ட்ரோலர் என்கிற, நகத்தளவு கறுப்புச் சில்லு. அதனோடு இரட்டைக் கண் வைத்த ஒரு சென்சார். வடிகால் மூடியில் போட்ட ஓட்டை வழியாக அது தண்ணீரை நோக்கி ஒலி அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்து, தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் கீழே இருக்கிறது என்று சொல்லும். அந்த எண்ணை நிமிடத்துக்கு ஒருமுறை மூன்று ஒயர் வழியாக, எங்கள் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டையில் நுழைந்து, சமையல் மேடைக்குப் பக்கத்தில் வைத்த என் பழைய கம்ப்யூட்டருக்கு அனுப்பும். ஒரு ஒயரில் போர்டு பேசும். இன்னொரு ஒயரில் கேட்கும். மூன்றாவது கிரவுண்டு. அது பேசாது, கேட்காது. ஆனால் பூஜ்யம் என்றால் எது என்பதில் இரண்டு பக்கமும் ஒத்துப்போக அது இருந்தே ஆகவேண்டும். எல்லாக் குடும்பத்திலும் அப்படி ஒருவர் இருப்பார்.

தண்ணீர் முப்பது சென்டிமீட்டருக்கு ஏறிவிட்டால் கம்ப்யூட்டர் சத்தம்போட வேண்டும். மணி, சங்கு, சைரன் எல்லாம் யோசித்துவிட்டு என் குரலையே பதிவுசெய்து வைத்தேன். "பாய், தண்ணி வருது. பாய், தண்ணி வருது." மனைவி ஒருமுறை கேட்டுவிட்டு, தண்ணீரே பரவாயில்லை என்றாள்.

ஆச்சரியம், அது வேலை செய்தது. புரட்டாசியில் மூன்று வாரம், திரையில் எண்பத்துநான்கு, எண்பத்துநான்கு, எண்பத்துநான்கு. பாய் சாயங்காலத் தொழுகை முடிந்து வந்ததும் மாடியேறி வருவார். "எண்பத்துநாலா சார்?" என்பார். "எண்பத்துநாலு பாய்" என்பேன். டீ குடிப்போம். மற்ற வீடுகளில் சர்க்கரை அளவைக் கேட்டுக்கொள்வதுபோல நாங்கள் வடிகாலின் அளவைக் கேட்டுக்கொண்டோம்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. முப்பது வருடமாக இதை வீட்டில் சொல்லிவருகிறேன். வீட்டில் முப்பது வருடமாக என்னையும் சேர்த்துத்தான் சூடம் காட்டுகிறார்கள். அன்று மனைவி ஃப்ரிட்ஜுக்குப் பொட்டு வைத்தாள். மிக்சி, இஸ்திரிப் பெட்டி, ஸ்கூட்டர், அரிவாள்மணை. கம்ப்யூட்டர் திரைக்கும் வைத்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டு புன்னகையோடு நின்றேன். "உங்க டப்பாவுக்கு வேண்டாமா?" என்று கேட்டுவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள், அவ்வளவுதான். பிள்ளைகளுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்து என் பிள்ளையை மட்டும் விட்டுவிட்டதுபோல எனக்கு இருந்தது. கீழே போனேன். ஒயரை உருவி, போர்டை மேலே கொண்டுவந்தேன். சுத்தம் செய்யத்தான் என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டேன்.

ஓரத்தில் மூன்று முள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒயர்ச் செருகி மாட்டுகிற இடம். அதற்கு மேலே நெற்றிபோலக் கொஞ்சம் வெற்றிடம். மோதிர விரலால் சந்தனம் தொட்டு அங்கே வைத்து, நடுவில் குங்குமம் இட்டேன். சந்தனம் சற்றுத் தண்ணியாக இருந்தது. நிமிர்ந்தால் வாசலில் பாய். பொரிகடலை வாங்கிக்கொள்ள மனைவி கூப்பிட்டிருக்கிறாள். அவர் போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பொரியை வாங்கிக்கொண்டு போனார். பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்று தொடக்கூடாது என்பது சட்டம். மறுநாள் மத்தியானம்தான் டப்பாவைச் சுவரில் மாட்டி ஒயரைச் செருகினேன்.

திரையில் எண்பத்துநான்கு வரவில்லை. கட்டங்கள் வந்தன. கேள்விக்குறிகள், தலைகீழ் எழுத்துகள், எந்த மொழியிலும் இல்லாத சில சுழிகள். தாம்பரம் ஸ்டேஷனில் இரண்டு ரயிலுக்கான அறிவிப்பு ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் எப்படி இருக்குமோ அப்படி. ஏதோ ஒன்று வருகிறது, நமக்கு மிகவும் அவசியமான ஒன்று என்பது மட்டும் தெரிகிறது. கம்ப்யூட்டர் எண்ணைத்தான் எதிர்பார்க்கும். எண் இல்லையென்றால் பேசாமல் இருந்துவிடும். அதாவது வடிகால் நிரம்பி வழிந்தாலும் என் குரல் வராது.

அந்த வாரம்தான் கம்ப்யூட்டர் யாரையும் கேட்காமல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. ஆக குற்றவாளி கிடைத்துவிட்டான். இரண்டு நாள் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுபோக முயன்றேன். அது வெற்றிகரமாகப் பழைய நிலைக்குப் போனது. கட்டங்கள் அப்படியே வந்தன.

அடுத்து வேகம். இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் பேசவேண்டும், இல்லையென்றால் இப்படித்தான் குழறும் என்று காணொளியில் இருந்தது. என் போர்டு விநாடிக்கு ஒன்பதாயிரத்து அறுநூறு துடிப்பு வேகத்தில் பேசுவதாகத்தான் எழுதியிருந்தேன். இருந்தாலும் நம்பிக்கையில்லாமல் கம்ப்யூட்டரில் எல்லா வேகத்தையும் மாற்றிமாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு வேகத்துக்கும் ஒவ்வொரு விதமான குழறல். பிறகு கம்ப்யூட்டர் பக்கத்தில் பேசும் ஒயரையும் கேட்கும் ஒயரையும் மாற்றிச் செருகினேன். திரை மொத்தமாக அமைதியானது. அந்த அமைதி எனக்கு எவ்வளவு பயத்தைக் கொடுத்ததென்றால், உடனே பழையபடி செருகி, கட்டங்கள் வந்ததும் பெருமூச்சு விட்டேன்.

இடையில் ஒருநாள் ஒரு கை டப்பாவின் உள்ளே இருந்தபோது, மற்றொரு கையால் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டையிலிருந்து கீழே தொங்கிய ஒயரின் உறையுரிந்த இடத்தைப் பிடித்தேன். மேலிருந்து மனைவி, "ஒரு எண்பத்துநாலு வந்துது" என்றாள். கையை எடுத்தேன். "போயிடுச்சு" என்றாள். எனக்குக் கைராசி இருப்பதாக முடிவுசெய்தேன். அந்த விநாடி கிரவுண்டு வேலையை நானே பார்த்திருக்கிறேன் என்பது உறைக்க இன்னும் ஐந்து நாள் ஆனது.

பாய் ஒவ்வொரு சாயங்காலமும் வந்து டப்பாவைப் பிடித்துக்கொள்வார். நான் உள்ளே எட்டிப் பார்ப்பேன். ஒருநாள், "அந்த முனைய ஒருவாட்டி தொடச்சுப் பார்க்கலாமா சார்?" என்று மெதுவாகக் கேட்டார். மழையே இல்லை, ஈரமே இல்லை, துடைப்பதற்கு என்ன இருக்கிறது என்று விளக்கினேன். பெரிய விளக்கம். மின்னோட்டத்தின் தன்மைவரை போனேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "சரிங்க சார்" என்றார். மறுநாளும் வந்தார், டப்பாவைப் பிடித்தார். துடைக்கிற பேச்சை எடுக்கவில்லை.

ஒன்பதாம் நாள் தாம்பரம் மார்க்கெட்டுக்குள் இருக்கிற ஒரு பார்ட்ஸ் கடைக்குப் போனேன். ஆளுயரத்துக்குக் குட்டிக் குட்டி டிராயர்கள்; நடுவில் ஒரு பெண்மணி, காதில் பென்சில். என் கதையைப் பாதியிலேயே நிறுத்தினார்.

"கிரவுண்டு கீதா சார்?"

"இருக்கும்மா. நானே மாட்டினேன்."

"நீங்க மாட்டினது சரி. அது கீதா?"

இதில் தத்துவம் இருப்பதாக எண்ணிப் புன்னகை செய்தேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு ஒரு புது ஒயரையும், கம்ப்யூட்டர் பக்கம் மாட்டி, போர்டு பேசுவதை அதற்குப் புரியவைக்கிற ஒரு புது மாற்றியையும் எடுத்துக் கொடுத்தார். டப்பா பக்கத்தைத் தொடாமல், கம்ப்யூட்டர் பக்கத்தை முழுக்க மாற்றினேன். புது மாற்றி வழியாகப் பழைய கட்டங்களே வந்தன, கொஞ்சம் தெளிவாக.

பத்தாம் நாள் காலையில் மழை பிடித்தது. ஐப்பசி மழைக்கே உரிய அந்த நிதானம், அவசரமில்லாத, போக மாட்டேன் என்று முடிவெடுத்துவிட்ட மழை. எட்டு மணிக்குத் தெரு முனை தெரியவில்லை. நான் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டுத் திரை முன்னால் உட்கார்ந்தேன். கட்டம், கட்டம், கேள்விக்குறி.  கீழே அந்தக் கொடி முக்கால்வாசி முடிந்திருந்தது. இன்னும் ஒரு ஓரம்தான் பாக்கி.

பாய் மேலே வந்தார். கையில் குடை, சட்டைப் பையில் ஆரி ஊசி.

"சார், ஒருவாட்டி டப்பாகிட்ட போலாமா?"

போனோம். நான் குடையைப் பிடித்தேன். டப்பாவைத் திறந்தார். திறந்துவிட்டு அதைத் தொடாமல் நின்றார்.

"தப்பா நெனைக்காதீங்க சார். அந்தப் பொட்ட எடுத்தா உங்களுக்கு ஒண்ணும் இல்லியே?"

"எந்தப் பொட்டு?"

"பூஜையில வெச்சீங்களே. அது வழிஞ்சு கீழ எறங்கி அந்த முள்ளு மேல காஞ்சுகினு கீது. மொத நாளே பார்த்தேன்."

குனிந்து பார்த்தேன். மூன்று முள்ளில் ஓரத்து முள், கிரவுண்டு முள், அடிவரை சந்தனம் பூசிக்கொண்டு நின்றது. செருகியின் குழிக்குள்ளும் மஞ்சளாக அப்பியிருந்தது. மாட்டியிருந்தது என்னவோ மாட்டித்தான் இருந்தது. நடுவில் சந்தனம் காய்ந்திருந்ததால் ஒயர் முள்ளைத் தொடவில்லை.

"மொத நாளே பார்த்தீங்களா? பத்து நாளா ஏன் பாய் சொல்லல?"

"சாமி விஷயம் சார். நான் போய் அதத் தொடைங்கன்னா நல்லாவா இருக்கும்?"

"எனக்குத்தான் சாமி நம்பிக்கையே இல்லையே. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார்." சாரல் விழாமல் டப்பாவைக் கையால் மறைத்துக்கொண்டார். "வெச்சது நீங்கதானே."

 அவர் மகளுடைய துப்பட்டா நனைந்தாலும் நனையட்டும், பக்கத்து வீட்டுக்காரன் வைத்த பொட்டை அழிக்கச் சொல்லக்கூடாது என்று ஒரு மனிதர் பத்து நாள் வாயை மூடிக்கொண்டு டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். நானோ பத்து நாளும் அவருக்கு மின்சாரத்தைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றியிருக்கிறேன்.

"எடுங்க பாய்" என்றேன்.

ஆரி ஊசியை எடுத்தார். ஜரிகைக்குள் நுழைகிற அந்தக் கொக்கி முனையை வைத்து, செருகியின் குழியிலிருந்து சந்தனத்தைத் துளித்துளியாகச் சுரண்டினார். முள்ளை வேட்டி முனையால் துடைத்தார். நெற்றியில் இருந்த பொட்டைத் தொடவில்லை. அதைச் சுற்றி, இலைக்கு ஓரம் கட்டுவதுபோல அவ்வளவு கவனமாக வேலை செய்தார். மாட்டினார். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டையிலிருந்து என் மனைவியின் குரல் கேட்டது.

"நாப்பத்தொண்ணு."

எண்பத்துநான்கிலிருந்து அது எப்போது நாற்பத்தொன்றுக்கு வந்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பாய் உள்ளே ஓடிச் சட்டத்தின் கால்களைக் கழற்றத் தொடங்கினார். நான் மேலே ஓடினேன். நாற்பது. முப்பத்தெட்டு. முப்பத்தைந்து. ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் ஒரு நிமிடம் என்று நான்தான் எழுதியிருந்தேன். அதை எழுதியவனை மனதாரத் திட்டினேன். கழற்றின கால்களை எங்கள் வீட்டில் வைக்க பாய் மேலே வந்து நின்ற நேரத்தில் முப்பது வந்தது. சமையலறையிலிருந்து நான் கத்தினேன். நானல்ல, பதிவுசெய்த நான். "பாய், தண்ணி வருது. பாய், தண்ணி வருது."

"தோ வந்துட்டேன் சார்" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொல்லிவிட்டு பாய் இறங்கினார். பக்கத்தில் நின்ற என்னை அவர் கவனிக்கவே இல்லை.

ஐந்து பேர் தூக்கினோம். பாய், அவர் மனைவி, மகள், என் மனைவி, நான். படிக்கட்டு திரும்புகிற இடத்தில் சட்டத்தைச் சாய்த்து, துணி சுவரில் உரசாமல் திருப்ப வேண்டும். பாய் மட்டும் பேசினார். "எறக்கு, எறக்கு, உன் பக்கம் தூக்கு" என்று. கல்யாணப் பெண் தன்னுடைய துப்பட்டாவைத் தானே தூக்கிக்கொண்டு, சிரிப்பை அடக்கமுடியாமல் படியேறினாள். எங்கள் சோபாவைப் படுக்கையறைக்குள் தள்ளி, புத்தக அலமாரியைச் சுவரோடு ஒட்டி, ஹால் நடுவில் சட்டத்தை வைத்தோம். முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு கீழே பின்னறையில் தண்ணீர் நுழைந்தது. கணுக்காலுக்கு மேல். சட்டம் நின்ற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி மிதந்துகொண்டிருந்தது.

தண்ணீர் வடிய இரண்டு நாள் ஆனது. அறை காய இன்னும் நான்கு நாள். அந்த ஆறு நாளும் பாய் எங்கள் ஹாலில் உட்கார்ந்து மிச்சமிருந்த ஓரத்தை முடித்தார். நாங்கள் சமையலறையில் நின்றுகொண்டு சாப்பிட்டோம். டிவி பார்க்கவேண்டும் என்றால் சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து, துணிக்கு மேலே தலையை நீட்டிப் பார்க்கவேண்டும். பாயின் மனைவி மத்தியானத்தில் எங்கள் அடுப்பிலேயே சமைத்து எங்களுக்கும் சேர்த்துப் பரிமாறினார். என் மனைவி அந்த ஆறு நாளில் ஆரி ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டு ஒரு இலை போட்டாள். அது எந்த இலை என்று பாய் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

மார்கழியில் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மண்டபத்தில் நிக்காஹ். அந்தத் துப்பட்டாவைத் தூரத்திலிருந்து பார்த்தபோது, சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கும் அதில் பங்கு இருப்பதாகத் தோன்றியது. சந்தனத்தின் பங்கை நான் கணக்கில் சேர்க்கவில்லை. சாப்பாட்டு வரிசைக்குப் பக்கத்தில் பாய் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மாப்பிள்ளையின் அப்பா முன்னால் நிறுத்தினார். அவர் வாலாஜாப்பேட்டைக்காரர், பெரிய மனிதர், அத்தர் வாசனை. நான் அடக்கமான முகம் ஒன்றைத் தயார் செய்துகொண்டேன். கருவியைப் பற்றிக் கேட்டால், "அதொண்ணும் பெரிய விஷயமில்ல" என்று தொடங்குவதாகத் திட்டம்.

"இவங்கதான் மாடி வூட்டு சார்" என்றார் பாய். "துப்பட்டாவ இவங்க வூட்லதான் முடிச்சேன். நல்ல பெரிய ஹாலு."

மாப்பிள்ளையின் அப்பா மரியாதையோடு தலையசைத்தார். நான் காத்திருந்தேன். பாய் என்னைப் பாசத்தோடு பார்த்து, ஏதோ ஒன்றை விட்டுவிட்டோம் என்பதுபோல யோசித்து, சேர்த்துக்கொண்டார்:

"வெளிச்சமும் நல்லா வரும்."